அக்கா அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். ஒருத்தி எனக்கு அக்கா. இன்னொருத்தி மாமாவுக்கு அக்கா, அதாவது என் அம்மா. யார் "அக்கா" என்று கூப்பிட்டாலும் சமையலறையிலிருந்து ஒரு குரலும் முன்னறையிலிருந்து ஒரு குரலும் சேர்ந்தே வரும். இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். யாரும் எந்த வழியும் செய்யவில்லை.

மைசூரில் மண்டி மொஹல்லாவில், அப்பாவின் கடைக்கு மேலேதான் வீடு. கீழே கயிறு, கோணிப்பை, தார்ப்பாய் வியாபாரம். சரக்கு லாரி வந்து நின்றால் சந்தில் ஒரு ஸ்கூட்டர்கூட நகராது. திட்டுவதெல்லாம் கன்னடத்திலும் உருதுவிலும் மாடிக்கு ஏறி வரும். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது அப்பாவும் அம்மாவும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தமிழ். நானும் அக்காவும் சண்டை போடும்போது மட்டும் கன்னடத்துக்கு மாறிவிடுவோம். சண்டைக்கு வேண்டிய சொற்கள் எங்களுக்கு அந்த மொழியில்தான் சரளமாக வந்தன.

அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அரைக்கால் சட்டை போட்ட தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அம்மா புகுந்த வீட்டுக்கு வந்தாளாம். மாமா எங்கள் வீட்டில் வளர்ந்து, ஐ.டி.ஐ. படித்து, ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்தார். வேலை கிடைத்ததும் தொழிற்சாலைப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டார். ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார், சாப்பிடுவார், என்னைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக் கீழே சந்தில் போகிறவர்களைக் காட்டுவார்.

மாமா அக்காவைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் என்னை உட்கார வைத்துச் சொன்னதில்லை. தசரா வரும் என்பதை யாராவது சொல்லியா தெரிந்துகொள்கிறோம்? அதில் என்னைப்போல் மகிழ்ந்தவர்கள் அந்த வீட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. கல்யாணம் ஆகிவிட்டால் மாமா அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடேயே வந்துவிடுவார் என்பது என் கணக்கு. அக்கா என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்த கோடை அது. நான் ஐந்தாவது முடித்திருந்தேன். அக்காவுக்குப் பெங்களூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். கடையில் பிடிக்காத விலை கேட்கிறவர்களிடமும் அப்பா அதைத்தான் சொல்வார்.

அந்தப் பாக்கலாமுக்கு நடுவில்தான் அக்கா கம்ப்யூட்டர் கேட்டாள். அதுவும் கடையில் தயாராக விற்பது வேண்டாம், பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே சேர்க்கப்போவதாகச் சொன்னாள்.

"முழுசா விக்கறப்ப எதுக்கு அம்மிணி உதிரியா வாங்கோணும்?" என்றார் அப்பா.

"நீங்க மட்டும் வெட்டி வெச்ச கயித்தையா வாங்கிட்டு வந்து விக்கறீங்க? கட்டா வாங்கி, உங்க கையால அளந்து வெட்டித்தானே விக்கறீங்க?"

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. பிடித்ததை மறைப்பதற்காகக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "செரி. நீயே சேத்து, நீயே ஓட வெச்சுக் காட்டு. அப்புறம் பெங்களூரப் பத்திப் பேசலாம்."

என் காதில் முதல் பாதிதான் விழுந்தது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. எனக்கு அது போதும்.

சில பாகங்கள் கூரியரில் வந்தன. சிலவற்றை அக்கா ஊரிலேயே வாங்கினாள். கேபினெட் என்ற பெரிய இரும்புப் பெட்டியை நாங்கள் இருவரும் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தோம். குட்டி ஃபிரிட்ஜா என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஆமாம் என்று நான் சொல்லிவிட்டேன். இறங்கும்வரை அவர் அதன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஒரு சனிக்கிழமை அக்கா முன்னறையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகப் போய்விட வேண்டும், இல்லையென்றால் சில்லுகள் கெட்டுவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் அதை ஏதோ கும்பிடும் முறை என்று நினைத்தேன். நானும் தொட்டேன், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மதர்போர்டு என்ற பெயரைக் கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுலயும் எல்லாத்தையும் தாங்கறது அம்மாதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் எல்லாம் சேர்ந்துவிட்டது. அம்மா பெட்டியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். கற்பூரத்தைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்று அக்கா சொன்னதால் கதவருகே நின்று காட்டினாள். அப்பா கடையிலிருந்து மேலே வந்தார். அக்கா பட்டனை அழுத்தினாள்.

உள்ளே இருந்த சின்ன விசிறி ஒரு அசைவு அசைந்தது. தும்மல் வருவதுபோல் வந்து போய்விடுமே, அந்த மாதிரி. அவ்வளவுதான். மறுபடி அழுத்தினாள். மறுபடி ஒரு அசைவு. பிறகு ஒன்றும் இல்லை.

அப்பா ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. "கடையில ஆள் நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போனாப் போகுது கண்ணு. எல்லாத்தையும் எடுத்துக் கட்டி உள்ள வெச்சுரு. நாளைக்குப் பெரியப்பா வர்றாங்கல்லொ" என்றாள்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஹனூரிலிருந்து வருவது பூ வைக்கும் பேச்சுக்காக. மாமாவுக்கும் அக்காவுக்கும் உறுதி செய்து, அக்கா தலையில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கும் அது தெரியும். பாயசம் இருக்கும் என்ற அளவில் தெரியும்.

அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மாமா வந்தார். முன்னறையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு டெஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிளக்கில் கரண்ட் இருந்தது. பெட்டியின் பின்பக்க சுவிட்சும் போட்டுத்தான் இருந்தது. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்குவது என் வேலை. ஒவ்வொரு தடவையும் அதே அரைத் தும்மல்.

"எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு. எழுதி வெச்சுக்க," என்றார் மாமா. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு அதுதான் பெயர்.

"கரண்ட் குடுக்காமயா மாமா விசிறி அசையுது?"

"அசையறது வேற, சுத்தறது வேற புள்ள. சாகறவனும்தான் ஒருதரம் கண்ணு முழிப்பான்."

"நீங்க மோட்டார் பாத்துப் பழகினவங்க. இது அப்படி இல்ல."

"கரண்டுக்கு மோட்டார் எது, கம்ப்யூட்டர் எதுன்னெல்லாம் தெரியாது."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச காலமாகவே மாமா வந்தால் அக்கா உள்ளறைக்குப் போய்விடுவாள். தட்டைக்கூட என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள். அன்று இருவரும் முட்டியோடு முட்டி உட்கார்ந்து, ஒரே போனில் படித்துக்கொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சண்டை போட்டார்கள். சோறு ஆறிப்போனது. அம்மா திட்டவில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கம்ப்யூட்டர் ஓடாதது அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்துத் தேங்காய், வாழைப்பழம், ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூ. மாமா அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கம்ப்யூட்டர் இன்னும் முன்னறை நடுவில் பக்கக் கதவு திறந்தபடி கிடந்தது.

பெரியப்பா அதைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னம்மிணி, செத்துப் போச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங் பெரியப்பா. இன்னும் பொறக்கல," என்றாள் அக்கா.

பெரியப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அதை எடுத்து உள்ள வை கண்ணு. நல்ல நேரம் போகுது" என்றார்.

"கொஞ்சம் இருங்கப்பா."

"அப்புறமாப் பாத்துக்கலாம்."

"இன்னிக்கு எடுத்து வெச்சுட்டா அப்புறம் இதை நான் எடுக்கவே மாட்டேன்பா. எனக்குத் தெரியும்."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் பெரியம்மா தேங்காயைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். பெரியவர்கள் எதிரில் அக்கா அப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா என்ன சொல்வார் என்று பயந்து நான் மாமாவைப் பார்த்தேன். பயம் வந்தால் மாமாவைப் பார்ப்பது என் வழக்கம்.

மாமா எழுந்து நின்று வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்தார். "மச்சான், சோறு ஆகற வரைக்கும் இந்தச் சனியனை ஒரு கை பாத்துட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்காவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையே தரையில் உட்கார்ந்த பிறகு யார் என்ன செய்ய முடியும்? அதற்குள் கீழே லோடு வந்திருப்பதாக ஆள் வந்து சொல்ல, அப்பா கடைக்கு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமையில் லாரி வந்ததற்கு அப்பா வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

முதலில் மாமாவின் சந்தேகத்தைத் தீர்ப்பது என்று முடிவானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கனமான ஒயர்க் கொத்தை மதர்போர்டிலிருந்து பிடுங்கி, அதில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தால், நல்ல நிலையில் இருந்தால் அது தானாகவே ஓடும் என்று அக்கா போனில் படித்தாள்.

"அக்கா, ஒரு ஊக்கு குடு" என்றார் மாமா.

"எங்கிட்ட ஏது?" என்றாள் அக்கா. அதே நேரத்தில் அம்மா கை வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டே வந்தாள். மாமா அதை நிமிர்த்தி வளைத்து ஒயர்க் கொத்துக்குள் செருகினார். "கையை எடுடா, கையை எடுத்துட்டு சுவிட்சப் போடு!" என்று அம்மா கத்தினாள். சுவிட்சைப் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி நிற்காமல் சுற்றியது.

மாமா அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார். "தோத்துட்டேன். இது நல்லாத்தான் இருக்குது."

அடுத்து அக்கா மதர்போர்டையே பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தாள். ஒயர்க் கொத்தை மறுபடி மாட்டினாள். பட்டன் ஒயர் வர வேண்டிய இடத்தில் இருந்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டாள். விசிறி சுற்றியது. ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நான் குதித்தேன். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியப்பா நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவசர அவசரமாக அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துத் திருகிப் பட்டனை அமுக்கினோம்.

அரைத் தும்மல். அவ்வளவுதான்.

 சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வெளிய வெச்சா ஓடுது. பொட்டிக்குள்ள வெச்சா நின்னுருது," என்றாள் மெதுவாக. "அப்போ போர்டுல குத்தமில்ல மாமா. பொட்டியிலதான் ஏதோ இருக்கு."

மாமா பெட்டியைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னொரு தடவை விளக்கினேன்: "மாமா, வெளிய இருந்தா ஓடுது. உள்ள வெச்சாத்தான் நின்னுருது."

"புரியுது குட்டி," என்றார் மாமா. "செரி, மறுபடியும் கழட்டலாம்."

கழற்றினார்கள். பெட்டியின் உள்சுவரில் குட்டிக் குட்டியாகப் பித்தளைக் கால்கள் நின்றிருந்தன. போர்டு இரும்பில் படாமல் அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். போர்டின் ஓட்டைகள் வழியாகத் திருகு அந்தக் கால்களுக்குள் இறங்கும். அக்கா போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் வருகிற ஓட்டை ஒவ்வொன்றையும் அவள் சொல்லச் சொல்ல, அதற்கான காலின் மேல் நான் விரலை வைத்தேன், மாமா அதைப் பேனாவால் குறித்தார். ஓட்டைகள் தீர்ந்துபோயின. ஒரு கால் மீதி இருந்தது.

"இதுக்கு ஓட்டையே இல்ல!" என்று கத்தினேன்.

அக்கா போர்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், அந்தக் கால் இடிக்கும் இடத்தில், ஈயப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கீறல். வேறு அளவுப் போர்டுக்காகப் பெட்டியைச் செய்தவர்களே பொருத்தி அனுப்பியிருந்த கால் அது. பட்டனை அமுக்கியதும் வருகிற கரண்ட் அந்தக் கால் வழியாக இரும்புச் சுவருக்குப் போக, ஆபத்து என்று எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொரு தடவையும் தானே அணைந்துபோயிருக்கிறது. கெட்டுப்போன பாகம் என்று எதுவுமே இல்லை. வேண்டாத இடத்தில் ஒரு கால் மட்டும் இருந்தது.

மாமா குறடால் அதைத் திருகி எடுத்தார். பெரியப்பா வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இத்தினியூண்டா?" என்றார். தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

திரும்பவும் மாட்டத் தொடங்கினார்கள். அம்மா இலை போட்டாயிற்று என்றாள். பெரியவர்கள் கை கழுவப் போனார்கள். அக்கா திருகை வைக்க, மாமா போர்டை அசையாமல் பிடித்திருந்தார். நான் அக்காவின் தோள் மேல் சாய்ந்திருந்தேன். அப்போது மாமா தலை நிமிராமல் கேட்டார்.

"இது ஓடுச்சுன்னா நீ பெங்களூர் போயிருவியா?"

அக்காவின் கை நின்றது.

"போகோணும் மாமா."

"ம்."

"கோவமா உங்களுக்கு?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. திருகு நேரா நிக்கல பாரு. சாய்ச்சுப் போட்டுராத."

கடைசித் திருகும் இறங்கியது. நான் பட்டனில் விரலை வைத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு. கீழ போயி அப்பாவக் கூட்டிட்டு வா. அவர் கண்ணு முன்னாலதான் அமுக்கோணும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிட்டுவிட்டுக்கூட வந்து பார்க்கலாமே. ஆனால் மாமா கையை விடவில்லை. நான் தடதடவென்று இறங்கிப்போய், லோடு இறக்குகிற ஆட்களுக்கு நடுவிலிருந்து அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் தலையெல்லாம் கயிற்றுத் தூசி.

மாமா நகர்ந்து இடம் விட்டார். அக்கா அமுக்கினாள்.

விசிறி அசைந்தது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கிருந்தோ 'பீப்' என்று ஒரு சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று இறங்கின.

"ஆன் ஆய்து! அப்பா, ஆன் ஆய்து!" என்று அக்கா கத்தினாள். அவ்வளவு சந்தோஷத்தில் அவளுக்குக் கன்னடம்தான் வந்தது.

"என்னமோ எழுதிக் காட்டுதே. திட்டுதா?" என்றார் பெரியப்பா.

"உள்ள இன்னும் ஒண்ணும் போடலைன்னு சொல்லுதுங் பெரியப்பா. இனிமேல்தான் எல்லாத்தையும் போடோணும்."

அப்பா குனிந்து பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். "காத்து வருது," என்றார்.  அக்காவின் தலையில் கையை வைக்கப் போய், கையில் தூசி இருப்பதைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டில்தான் அந்தப் பேச்சு வந்தது. பெரியப்பா பாயசத்தை வழித்து முடித்துவிட்டு, சரி, பூவை எடுக்கலாமா என்று ஆரம்பித்தார். மாமா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்குப் பூ வேண்டாங்க. புள்ளையப் படிக்க அனுப்புங்க மச்சான்."

"என்றா இது? முறைன்னு ஒண்ணு இருக்குதல்லொ?" என்றார் பெரியப்பா.

"முறை எங்கீங் போகுது? படிச்சுட்டு வரட்டும். நானும் எங்கியும் போயிரல."

அம்மா ரசக் கரண்டியோடு நின்றாள். "உனக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. ரசம் ஊத்து" என்றார் மாமா.

அப்பா அவரையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா இலையில் இருந்த சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "செரி. அப்படியே ஆகட்டும்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்றுதான் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரும் வந்துவிட்டது, மாமாவும் எங்கும் போகப்போவதில்லை. ஒரே நாளில் இரண்டும் கிடைத்ததே என்று இன்னொரு தடவை பாயசம் வாங்கிக்கொண்டேன். பூவை அம்மா சாமி படத்துக்கு வைத்தாள். மிஞ்சியதை எனக்கும் அக்காவுக்கும் வைத்துவிட்டாள், வழக்கமாக வைக்கிற பூ மாதிரி.

அக்கா பெங்களூர் போனாள். அவள் படிப்பு முடிவதற்குள் மாமாவுக்குக் கொள்ளேகாலில் பெண் பார்த்தார்கள். அக்கா விடுமுறை எடுத்து வந்து, மணமேடைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் ஓடியாடி வேலை செய்தாள். அம்மாவும் ஒரு குறையும் வைக்காமல்தான் தம்பி கல்யாணத்தை நடத்தினாள். ஆனால் வீடு முழுக்கத் துடைக்கிறவள், அந்தக் கம்ப்யூட்டர் மேல் படிந்த தூசியை மட்டும் துடைக்க மாட்டாள். அதை நான்தான் துடைக்க வேண்டும்.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன், மாமாவுக்கு உன்மேல் ஆசை இருந்ததா என்று. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் கேக்கல. அவரும் சொல்லல," என்றாள். பிறகு, "கேட்டிருந்தா என்னால போயிருக்க முடியாதுன்னு நெனைக்கிறேன்," என்றாள். 

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பெரியப்பாவும் பெரியம்மாவும் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். மாமாவும் கிளம்பினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போ என்று அம்மா சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நான் வழியனுப்பப் பால்கனிக்கு ஓடினேன். லாரி போய்விட்டிருந்ததால் சந்து காலியாக இருந்தது. மாமா பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது. இரண்டு கையும் ஹேண்டில் பாரின் மேல். கிளம்பவில்லை. நான் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். அவர் மேலே பார்க்கவில்லை.

"மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆகுது குட்டி, ஆகுது" என்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டார். ஒரே உதையில் வண்டி கிளம்பிச் சந்து முனையில் திரும்பிப் போய்விட்டது.

நான் உள்ளே ஓடினேன். அக்கா திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகப் பார்த்துப் பழகிய அனுபவத்தில், மாமாவின் வண்டியில் ஏதோ கோளாறு என்றும் லூஸ் கனெக்‌ஷனாகத்தான் இருக்கும் என்றும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்றும் அவளிடம் சொன்னேன். அவள் திரும்பவே இல்லை. கம்ப்யூட்டர் வந்ததும் அக்காவுக்கு மாமாவைப் பற்றி அக்கறையே இல்லாமல் போய்விட்டதே என்று எனக்குக் கோபம் வந்தது.